சொந்தத் தொழிலா? முதலில் ஜூலை மாதக் கணக்கைப் போடுங்கள்

நீலகிரியில் தொழில் தொடங்க ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் "ஏன் சொந்தத் தொழில்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "யார் கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்." பொய்யில்லை. ஆனால் பத்து நிமிடம் பேசினால் அதற்கு அடியில் வேறொரு காரணம் கிடப்பது தெரியும். பசுந்தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. உரம், பறிப்புக் கூலி போக ஒரு ஏக்கர்க்காரர் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ரிசார்ட் வேலை சீசன் முடிந்ததும் போய்விடுகிறது. திருப்பூரிலோ கோவையிலோ பத்து வருடம் இருந்தவருக்கு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) தனியாக இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரமும் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும்.

இந்த அடிக் காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்ன தொழில், எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்பதை அதுதான் முடிவு செய்ய வேண்டும். கடைசி பஸ்ஸுக்காக வேலையை விட்ட பெண் உதகையின் மையமான சேரிங் கிராஸில் கடை எடுத்தால், முதல் மே மாதத்திலேயே சிக்கிக்கொள்வார். சீசனில் கூட்டம் கடைக்குள் வருவதே சாயங்காலம் இடங்களைச் சுற்றிப் பார்த்து முடித்த பிறகுதான். அவருக்கு வீட்டில் தயாரித்து, பேக் செய்து, கடைகளுக்குச் சப்ளை செய்யும் தொழில் பொருந்தும். தேயிலை விலையின் ஏற்ற இறக்கம் தாங்காமல் வருகிறவர் சுற்றுலாக்காரர்களை மட்டும் நம்பிய கடை போட்டால், ஒரு ஏற்ற இறக்கத்தை விட்டு இன்னொன்றில் விழுகிறார். ஊர்க்காரர்களே வருடம் முழுக்கக் காசு கொடுக்கும் வேலை அவருக்கு நல்லது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் காவாத்து மெஷின், மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் ரிப்பேர் ஓர் உதாரணம். பல ஊர்களில் இதற்கு ஒரு மெக்கானிக் கிடையாது. மெஷினை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள்.

இனி கணக்கு. ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். நடுவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. தொழில் திட்டத்தை எல்லோரும் மே மாத வியாபாரத்தை வைத்து எழுதுகிறார்கள். தொழில் சாவது ஜூலையில்.

ஓர் உதாரணம் போடலாம். கடை வாடகை 8,000 ரூபாய், ஓர் ஆள் சம்பளம் 12,000, கரண்ட் 2,500. ஐந்து லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 10,870. ஆக, கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மாதம் 33,370 ரூபாய் போகும். நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்குச் செலவு போக 40 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் மாதம் 83,400 ரூபாய்க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. இதில் உங்கள் சம்பளம் இன்னும் வரவில்லை! 15,000 ரூபாய் எடுக்க நினைத்தால் விற்பனை 1,21,000 ஆக வேண்டும். தினமும் 4,000 ரூபாய்க்கு மேல். ஜூலையில் 30,000 ரூபாய்க்குத்தான் விற்றது என்றால் உங்களுக்குச் சம்பளம் எடுக்காமலேயே 21,370 ரூபாய் துண்டு விழும். மூன்று மழை மாதத்துக்கு 64,000. இந்தப் பணத்தை மே மாதமே தனியாக எடுத்து வைக்காதவர்கள்தான் ஆகஸ்டில் தண்டல்காரரிடம் போய் நிற்கிறார்கள். அதன் பிறகு இரண்டாவது சீசன் முழுக்க வட்டிக்குத்தான்.

மே மாதக் கூட்டத்தையும் அளவில்லாமல் எழுதிவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இங்கும் கொடைக்கானலிலும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே வாங்க வேண்டிய இ-பாஸ் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வந்த கட்டுப்பாட்டில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள்.

மலையில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் சொல்வது 'ஹோம்மேட்' சாக்லேட் என்பதால் அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மார்க்கெட்டில் கட்டியாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுவது பெரும்பாலும் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்தது. வேலை சுலபம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து (டபுள் பாய்லிங்) 45 டிகிரிக்குள் உருக்கினால் போதும். கோகோ வெண்ணெயே சேர்ந்த அசல் சாக்லேட்டான கூவர்ச்சர் அப்படியில்லை. டார்க் என்றால் 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏற்ற வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் கைப்பழக்கத்தில் செய்தால், இரண்டு வாரத்தில் மேலே வெள்ளை பூத்து, பூஞ்சை என்று நினைத்துக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். எந்தச் சரக்கானாலும், கீழே கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போச்சு. மொத்தமும் மணல் மணலாகக் கட்டிப்போகும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. அச்சை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வியர்க்கும். அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பாக வெள்ளை படியும். உதகைக் குளிருக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். 15, 18 டிகிரி அறையே போதும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மூடிய டப்பாவோடு வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் இளகும் என்பதையும் மறக்க வேண்டாம். மே மாதம் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பெட்டி உருகினால் திட்டு உங்களுக்குத்தான். காம்பவுண்டை காம்பவுண்ட் என்றே லேபிளில் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண், எடை, தயாரித்த தேதி, பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் விற்பனைக்கென்றால் பதிவு கட்டாயம். பிளாஸ்டிக் தடை இருப்பதால் அட்டைப்பெட்டிச் செலவையும் விலையில் சேருங்கள்.

மானியம் என்ற சொல்லைக் கேட்டே தொழில் தொடங்குகிறவர்கள் உண்டு. அது தவறான காரணம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகள் சிறப்புப் பிரிவில் வருகின்றன. கிராமப்புறம் என்றால் 35 சதவீத மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம். ஐந்து லட்சம் திட்டத்துக்கு 25,000 நீங்கள் போட, 4,75,000 வங்கி தரும். மானியமான 1,75,000 உங்கள் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கடனில் கழியும். இந்தப் பணத்தை நம்பித் தங்கச்சி கல்யாணத்துக்குத் தேதி குறித்தவர்களும் உண்டு. புதிய தொழிலுக்குத்தான் இந்தத் திட்டம்; ஆகவே கடன் அனுமதி வருமுன் மெஷினை வாங்கிவிடாதீர்கள். விதிகள் மாறும் என்பதால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் முழுக்க இலவசம். ஆதாரும் பான் கார்டும் போதும். அதற்கு 2,000, 3,000 கேட்கும் இணையதளமும் புரோக்கரும் ஏமாற்றுகிறார்கள்.

இடம் பிடிக்கும்போது உள்வாடகைக்கு எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் லைசென்ஸுக்கு முகவரிச் சான்று காட்ட முடியாது. எப்போது காலி செய்யச் சொன்னாலும் வாய் திறக்க முடியாது. வீட்டுக்கு வாங்கிய கட்டிட அனுமதியை வைத்து விடுதி நடத்துவதும் ஆபத்து. மலை ஊர்களில் அப்படி சீல் வைக்கப்பட்ட கட்டிடங்கள் ஏராளம்.

வேலையை உடனே விட வேண்டாம். சாக்லேட் என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஐந்து கிலோ மட்டும் செய்து, இரண்டு கடைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பி வந்தது, பாக்கி எத்தனை நாளில் வந்தது என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கடனுக்கு மனு எழுதும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.