மூட்டைத் தீவனத்தில் எதையும் கலக்கும் முன்

தீவன விலை ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "டாக்டர், தண்ணீர்ல மிதக்குற அந்த அசோலா செடியைப் போட்டா சோயாவே வேண்டாமாமே?" "புழு வளர்த்துப் போட்டா தீவனச் செலவு பாதிதானாமே? ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சுட்டாங்களாம்." கேட்பதில் தப்பே இல்லை. கறிக்கோழி வளர்ப்பில் 60 முதல் 70 விழுக்காடு செலவு தீவனத்துக்கே போகிறது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் பண்ணையாளர் மூச்சு விடுவார். ஆய்வுகளும் உண்மையாக நடந்தவைதான். ஆனால் ஆய்வில் என்ன செய்தார்கள் என்பது பாதி வழியிலேயே காணாமல் போய், "10 விழுக்காடு சேர்க்கலாம்" என்ற ஒற்றை வரி மட்டும் கொட்டகை வந்து சேர்கிறது.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான். ஆய்வாளர் முதலில் அந்தப் பொருளை ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கிறார். பிறகு தீவனக் கலவையை அடியிலிருந்து மறுபடி கணக்கிடுகிறார். புதுப் பொருள் உள்ளே வந்தால் எரிசக்தி குறையுமா, அப்படியானால் எண்ணெய் கூட்டு. புரதத்தின் அங்கமான லைசின் என்ற அமினோ அமிலம் குறையுமா, தனியாகச் சேர். உப்பு, கால்சியம், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் சரிசெய். கடைசியில் பழைய தீவனம் தின்னும் கோழிக்கும் புதுத் தீவனம் தின்னும் கோழிக்கும் கிடைக்கும் சத்து ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஈடுகட்டிய பிறகுதான் "எடையில் வித்தியாசம் இல்லை" என்று எழுதுகிறார்கள். மூட்டையைப் பிரித்து, மேலே கொஞ்சம் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிவிட்டு அந்த முடிவை எழுதவில்லை.

புரட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 22 விழுக்காடு புரதமுள்ள ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுகளுக்கான முதல் கட்டத் தீவனம், 80 கிலோ, அதில் சொந்தக் காட்டு மக்காச்சோளம் 20 கிலோ. மக்காச்சோளத்தில் புரதம் 8.5 விழுக்காடு. கலந்த பிறகு புரதம் 19.3. அதாவது இரண்டு வாரக் குஞ்சுக்குக் கடைசி வாரக் கோழியின் தீவனத்தைப் போடுகிறோம். "அதனால என்ன, கூடக் கொஞ்சம் தின்னுட்டுப் போகுது" என்பார்கள். தின்னாது. மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 3,350 கிலோ கலோரி எரிசக்தி இருக்கிறது, ஸ்டார்ட்டரில் சுமார் 3,000தான். எரிசக்தி கூடிய தீவனத்தைக் கோழி கூடுதலாகத் தின்று புரதக் குறையை ஈடுகட்டாது. புரதம் போதாமல் நெஞ்சுக்கறி வளராது, மிச்ச எரிசக்தி வயிற்றுக் கொழுப்பாகப் படியும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்த மூட்டையில் வைட்டமின், தாது உப்பு, ரத்தக்கழிச்சலுக்கான மருந்து எல்லாம் கிராம் கணக்கில் அளந்து போட்டிருக்கும். 20 விழுக்காடு வேறு பொருள் சேர்ந்தால் அவையும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. மூன்றாவது வாரம் எச்சத்தில் ரத்தம் தெரிந்து என்னைக் கூப்பிடும் கொட்டகைகளில், எதையாவது கலந்தீர்களா என்று நான் முதலிலேயே கேட்டுவிடுவேன். பெரும்பாலும், "இல்லைங்க, கொஞ்சம் சோளம் மட்டும்தான்" என்று பதில் வரும். அதற்குள் குஞ்சு ரகம் சரியில்லை என்று குஞ்சு கொடுத்தவரோடு ஒரு சண்டையும் முடிந்திருக்கும்.

நாட்டுக்கோழி எதைப் போட்டாலும் தின்று வளர்கிறதே என்று கேட்கலாம். கறிக்கோழி அப்படி வளராததற்கு அதன் பரம்பரைதான் காரணம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒரே தீவனம் போட்டு, ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளியானது. 56ஆம் நாளில் 1957 ரகம் 905 கிராம், 1978 ரகம் 1,808 கிராம், 2005 ரகம் 4,202 கிராம். ஊசி போட்டுத்தான் கோழியை ஊத வைக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை பார்த்தால் நல்லது. இவ்வளவு வேகமாக வளரும் உடலுக்கு ஒவ்வொரு வாய் தீவனத்திலும் சத்து அடர்த்தியாக இருந்தாக வேண்டும். நார்ச்சத்தைச் செரிக்க மாட்டுக்கு இருக்கும் வயிறு இதற்குக் கிடையாது. உள்ளே போன தீவனம் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

இப்போது அசோலா. "புரதம் 25 விழுக்காடு" என்று எழுதியிருப்பது உலர்ந்த அசோலாவுக்கு. குட்டையிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் 94 விழுக்காடு வரை தண்ணீர். ஒரு கிலோ அள்ளினால் உலர்பொருள் 60 கிராம், அதில் புரதம் 12 முதல் 15 கிராம். ஐந்தாவது வாரத்தில் ஒரு கோழி நாளொன்றுக்கு 150 கிராம் தீவனம் தின்றால் அதற்கு 28 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. அதில் பாதியை அசோலாவில் கொடுக்க வேண்டுமென்றால், ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள கோழி தினமும் ஒரு கிலோ பாசியை விழுங்க வேண்டும்! மேய்கிற கோழிகளுக்கும் வாத்துக்கும் அது நல்ல பசுந்தீவனம், அதில் சந்தேகமில்லை. கறிக்கோழிக்கு அது சோயாவின் இடத்தைப் பிடிக்காது.

புரத எண்ணிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. இந்தக் கணக்கில் 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ள யூரியாவுக்கு 287 விழுக்காடு "புரதம்" வரும். மலிவான புண்ணாக்கில் யூரியா கலப்படம் செய்கிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். இறகுத் தூளில் 80 விழுக்காட்டுக்கு மேல் புரதம் காட்டும். பதப்படுத்தாத இறகைக் கோழியால் செரிக்கவே முடியாது, பதப்படுத்தினாலும் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் மொத்தப் புரதத்தை ஓரமாக வைத்துவிட்டு, செரிக்கக்கூடிய லைசினும் மெத்தியோனினும் எவ்வளவு என்று கேளுங்கள்.

கருப்புப் படைவீரன் ஈயின் புழுவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. உலர்ந்த புழுவில் 40 விழுக்காட்டை ஒட்டிப் புரதம், 30 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு, அமினோ அமிலச் சேர்க்கையும் மோசமில்லை. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தைக் கோழிக்கும் பன்றிக்கும் அனுமதித்தது. ஆனால் புழுவின் தோலில் உள்ள, புரதமல்லாத கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருப்பதால், இதற்கு 6.25க்குப் பதில் 4.76ஆல் பெருக்குவதே பொருத்தம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் புரதம் கணிசமாக இறங்கும். அப்புறம், புழு எதைத் தின்று வளர்ந்தது என்பது முக்கியம். கழிவில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். உணவகக் கழிவில் வளர்த்த புழுவை ஐரோப்பா இன்றும் தீவனத்துக்கு அனுமதிப்பதில்லை. "குப்பையிலிருந்து கோழிக்கறி" என்று காணொளி போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்ற நச்சு. கொத்தவரை மாவில் மிச்சமிருக்கும் பிசின், எச்சத்தை ஒட்டவைக்கும். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் கரையும் நாருக்கு அதற்கான நொதி சேர்க்க வேண்டும். மரவள்ளியில் சயனைடு, நன்றாக உலர்த்தினால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் மரவள்ளி மாவில் புரதம் 2, 3 விழுக்காடுதான். மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டால் சோயாவைக் கூட்ட வேண்டி வரும், மிச்சம் பிடிக்க நினைத்த காசு அங்கே போகும். நாம் பெரிதாக நம்பும் சோயாவே பச்சையாக ஆகாது. அதில் உள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பானால் கணையம் வீங்கும், வளர்ச்சி நிற்கும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது பூஞ்சை நச்சுக்குத்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வளர்ந்திருந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உலகம் அடையாளம் கண்டது அதன் பிறகுதான். மலிவாகக் கிடைக்கும் பொருள் பெரும்பாலும் ஈரத்தில் கிடந்த பொருளாக இருக்கும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை அடங்கும், அது விட்டுவைத்த நச்சு போகாது. எத்தனால் ஆலையிலிருந்து வரும் தானியச் சக்கையில், மூலத் தானியத்தில் இருந்த நச்சு ஏறத்தாழ மூன்று மடங்கு செறிவாகும். ஏனென்றால் மாவுச்சத்து சாராயமாகிப் போய்விடுகிறது, நச்சு தங்கிவிடுகிறது. மூட்டை வாங்கும்போது ஆய்வக அறிக்கை கேட்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

சரி, எதுதான் நிற்கும்? கம்பு நிற்கும். புரதம் மக்காச்சோளத்தைவிடக் கூடுதல், எரிசக்தியும் அதற்குப் பக்கத்தில் வரும். அரிசிக் குருணை, டானின் என்ற துவர்ப்புப் பொருள் குறைந்த சோளம் இரண்டும் நல்லவை. மக்காச்சோளம் குறைந்தால் கோழியின் காலும் தோலும் வெளுக்கும், வியாபாரி முகம் சுளிப்பார். அது நிறமிக் குறைவு, நோய் அல்ல. ஆனால் சோயாவைச் சத்தமில்லாமல் குறைத்தவை தனியாகத் தயாரித்துச் சேர்க்கும் லைசின், மெத்தியோனின், திரியோனின் போன்ற அமினோ அமிலங்கள்தான். காணொளியில் காட்ட அழகாக இல்லாத வெள்ளைத் தூள் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆய்வை நேரடியாகப் படிக்கிறவர்கள் கூண்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு தீவனத்துக்கும் மூன்று கூண்டு மட்டும் வைத்துப் பார்த்திருந்தால், 80 கிராம் எடைக் குறைவுகூட "புள்ளியியல்படி வித்தியாசமில்லை" என்று வரலாம். கோழியை விற்கும்போது அந்த 80 கிராம் உங்கள் பணம்.

கொட்டகையில் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு ஓரத்தைத் தடுத்து, அதே குஞ்சுகளில் கொஞ்சம் விட்டு, மூன்றாவது வாரத்துக்குப் பிறகு தொடங்குங்கள். இரண்டு பக்கமும் தீவனத்தையும் எடையையும் நிறுத்து எழுதுங்கள். எழுதியபின் கிலோ தீவனத்தின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோ உயிர் எடைக்கு ஆன தீவனச் செலவைப் பாருங்கள். தீவனம் 10 விழுக்காடு மலிவு, ஆனால் எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனக் கிலோ, 1.6இலிருந்து 1.8க்குப் போய்விட்டது என்றால், 0.9ஐ 1.8ஆல் பெருக்க 1.62, பழைய 1.6ஐவிட அதிகம். மலிவுத் தீவனத்தில் செலவு கூடிவிட்டது, கோழி கொட்டகையில் இருக்கும் நாளும் கூடிவிட்டது.

கையில் சொந்தத் தானியம் இருக்கிறது, அதை வீணாக்க மனமில்லை என்பவர்கள் முழுத் தீவனம் வாங்காமல் கான்சென்ட்ரேட் வாங்கலாம். தானியத்தோடு கலப்பதற்கென்றே புரதமும் தாது உப்பும் கூட்டிச் செய்வது அது. எத்தனை கிலோவுக்கு எத்தனை கிலோ தானியம் என்று சீட்டிலேயே போட்டிருக்கும். கம்பு, குருணை போன்றவற்றை மக்காச்சோளத்துக்குப் பதில் சேர்ப்பதாக இருந்தால், கலப்பதற்கு முன் அந்தச் சீட்டைப் படமெடுத்து உங்கள் ஊட்டச்சத்து ஆலோசகருக்கு அனுப்புங்கள். மறுகணக்கு போட அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.