புத்தகத்தை மூடினால்தான் பாடம் பதியும்

ஒரு பாடத்தைப் பதினான்கு முறை படித்தவர்களைவிட, மூன்று முறைக்குச் சற்று அதிகமாக மட்டுமே படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. படிப்பைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் அறிவுரைகளில் பாதியை இது புரட்டிப்போடுகிறது.

மாணவர்களிடம் சூரியனைப் பற்றியோ கடல் நீர்நாயைப் பற்றியோ ஒரு சிறு கட்டுரை கொடுக்கப்பட்டது. ஒரு குழு நான்கு சுற்றிலும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல், நினைவில் இருப்பதையெல்லாம் தாளில் எழுதியது. எழுதியது சரியா, தவறா என்று கூட யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முந்தியது: 83 சதவீதம், எழுதிய குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் தங்கியிருந்தது; எழுதியவர்களிடம் 61. இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. ஒரு வாரம் கழித்தும் நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? இரண்டாம் முறை வாசிக்கும்போது கண் தடையின்றி ஓடுகிறது. ஒவ்வொரு வரியும் 'தெரிந்ததுதானே' என்று தோன்றுகிறது. கண்டால் அடையாளம் தெரிவது ஒன்று. காணாமலே சொல்ல முடிவது வேறு. தினமும் கையில் புரளும் புதிய பத்து ரூபாய் நோட்டின் பின்புறம் என்ன படம்? நோட்டைப் பார்த்தால் கோனார்க் கோயில் சக்கரம் என்று உடனே தெரிகிறது. பார்க்காமல் சொல்லச் சொன்னால் பலரும் திகைப்பார்கள். புத்தகம் திறந்திருக்கும்வரை, விடை கண்ணெதிரே இருப்பதால் நினைவுக்கு வேலையே இல்லை.

நினைவுக்கு இரண்டு வலிமைகள் உண்டு என்று உளவியலாளர் ராபர்ட் பியோர்க் பிரித்துக் காட்டினார். ஒரு செய்தி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று. இந்த நிமிடம் அது எவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டுகிறது என்பது மற்றொன்று. உடனே மறுபடி வாசித்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஏறும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. ஓரளவு மறந்த பிறகு முட்டிமோதி மீட்டெடுக்கும்போதுதான் பதிவு ஆழமாகிறது. ஆகவே, கொஞ்சம் மறப்பது இழப்பல்ல. நினைவு வேரூன்ற அந்தச் சிரமம் வேண்டும்.

உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தாருமாக நால்வர் அயல்மொழிச் சொற்களைப் பல ஆண்டுகள் தாங்களே கற்று, 1993இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. 14 நாளுக்கு ஒருமுறை என 26 தடவை கற்றதும், 56 நாளுக்கு ஒருமுறை என 13 தடவை கற்றதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இடைவெளி விட்டதால் உழைப்பு பாதியானது.

இந்த இடத்தில் நம் பள்ளிகளின் ஒப்பித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமல் வரி பிசகாமல் ஒப்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்கிறார்களே, அந்தப் பாதி மிகச் சரி. சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால் மீதிப் பாதியும் சரியாகிவிடும்.

தேர்வு எழுதும் வயதைக் கடந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும், குறிப்பேட்டைத் திறக்காமல் வெற்றுத்தாளில் மூன்று விஷயங்களை எழுதிப் பாருங்கள்: என்ன முடிவானது, யார் பொறுப்பு, எதற்கு விடை கிடைக்கவில்லை. பேனா எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் நமக்குப் புரியவில்லை.

'வேண்டும்போது கைப்பேசியில் தேடினால் போச்சு' என்று சிலர் சொல்வார்கள். தொலைபேசி எண்ணுக்கு அது சரி. சிந்தனைக்குப் போதாது. ஒரு நோயாளியின் புதிய அறிகுறி, போன மாதம் படித்த ஒரு மருந்தின் பக்க விளைவோடு மருத்துவரின் மனத்தில் இணைய வேண்டுமானால், இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். அந்த மருந்து நினைவுக்கே வராதபோது எதைத் தேடுவது?

நினைவிலிருந்து எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. இல்லையென்றால் பிழையும் சேர்ந்தே பதிந்துவிடும். விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையில் சேர்த்து, இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி வெற்றுத்தாளில் எழுதுங்கள். முதல் நாள் சிவப்பாக இருந்தவற்றில் எத்தனை இம்முறை நீல மையில் வந்திருக்கின்றன என்பதே கற்றலின் அளவு.