அபராதம் கட்டுவது யார்?

சென்னையில் இலவசச் சட்ட உதவி வழக்குகள் நடத்துகிறேன். விபச்சாரத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்ட பெண்களுக்காகவும் ஆஜராவதுண்டு. "ஏம்மா இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?" என்று அவர்களிடம் நான் கேட்பதில்லை. "யாருக்கு எவ்வளவு கடன்?" என்றுதான் கேட்பேன். கதை தானாக வந்துவிடும். கணவன் விட்டுப் போயிருப்பான், அல்லது குடித்தே செத்திருப்பான். வாரவட்டிக்கு வாங்கிய பணம் வளர்ந்து நிற்கும். வீட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தெரிந்த ஒருவர், கடைசியில் புரோக்கராக இருப்பார்.

1956-ஆம் ஆண்டின் இந்தச் சட்டம், பெண்களை இந்தத் தொழிலுக்கு இழுத்துவரும் ஆள்பிடிப்பவர்களைத் தண்டிக்கக் கடுமையான பிரிவுகளை வைத்திருக்கிறது. ஐந்தாம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு. ஆனால் என்னிடம் வருபவை பெரும்பாலும் எட்டாம் பிரிவு வழக்குகள், அதாவது பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்த குற்றம். முதல் முறை என்றால் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே குற்றத்தை ஆண் செய்தால் அதிகபட்சம் மூன்று மாதம்தான். இப்படி ஒரு பாகுபாடு சட்டப் புத்தகத்தில் இன்னும் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, அந்த அபராதத்தை யார் கட்டுகிறார்கள்? பல நேரம் புரோக்கரே கட்டி, பெண்ணைக் கூட்டிப் போகிறார். அந்தத் தொகையும் வக்கீல் செலவும் அவள் கடன் கணக்கில் ஏறும். அதை அடைக்க மறுநாளே தொழிலுக்குப் போயாக வேண்டும். திருத்துவதற்காகப் போட்ட வழக்கு அவளை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிடுகிறது. அக்கம்பக்கத்தில் செய்தி பரவினால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், பிள்ளையின் படிப்பு நிற்கிறது.

உடல்நலத்துக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் கண்டறியப்பட்டது சென்னையில்தான், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில். பையில் ஆணுறை இருப்பதே சாட்சியாகிவிடும் என்று பயந்தால் எந்தப் பெண் அதை எடுத்துப் போவாள்? ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது, போலீஸ் சோதனையின்போது பெண்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது, போலீசார் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகவரிச் சான்று இல்லாத பாலியல் தொழிலாளிகளுக்கும் ஆதார் கிடைக்க அதே வழக்கில் வழி செய்தது. இது காவல் நிலையம் வரை போய்ச் சேர வேண்டும்.

மறுவாழ்வு என்றால் உடனே தையல் மெஷின் கொடுப்பார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த மெஷினே அடகுக்குப் போய்விடும். முதலில் கடனைத் தீர்க்க வழி வேண்டும். அப்புறம் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி. தொழில் பயிற்சி அதற்குப் பிறகுதான் பயன் தரும். காவல்துறையும் எட்டாம் பிரிவை எண்ணிக்கைக்காகப் போடுவதை விட்டு, ஐந்தாம் பிரிவில் ஆள்பிடிப்பவர்களைத் துரத்தட்டும்.

பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. புரோக்கர் அனுப்பும் வக்கீலை ஏற்கத் தேவையில்லை, நீதிபதியிடமே சட்ட உதவி கேட்கலாம். வெளியிலிருந்து உதவ நினைப்பவர்கள் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.