லாரியிலிருந்து இறங்கிய ஏ.எச்.யு. எங்கே படுத்துக் கிடக்கிறது?

பெங்களூருக்குள் பெரிய லாரிகள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. அதனால் எங்கள் ஏ.சி. சாமான்கள் பெரும்பாலும் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் சைட்டுக்கு வந்து சேரும். கேட்டில் ஒரு வாட்ச்மேன், தூக்கக் கலக்கத்தில் ஹைட்ரா கிரேன் ஓட்டுபவர், சீக்கிரம் இறக்கிவிட்டு ஓசூர் ரோட்டைப் பிடிக்கத் துடிக்கும் டிரைவர். எங்கே காலியிடம் தெரிகிறதோ அங்கே பெட்டி இறங்கும். பாலிதீன் கிழிந்ததா, மூலை நசுங்கியதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஆள் இருக்காது. எல்.ஆர். என்னும் லாரி ரசீதில் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டுவிடுவார். சேதத்தை அந்தத் தாளிலேயே எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கி, நாலு போட்டோ எடுத்து வைக்காவிட்டால் மறுநாள் இன்சூரன்ஸ்காரரிடம் பேசுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆபீஸ், ஆஸ்பத்திரி, மால் எதுவானாலும் மூலையில் ஓர் அறைக்குள் தகரப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதுதான் ஏ.எச்.யு., அதாவது ஏர் ஹேண்ட்லிங் யூனிட். ஃபில்டர், குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில், காற்றைத் தள்ளும் ஃபேன் எல்லாம் அதற்குள் இருக்கும். நான் இதை மாட்டும் வேலையில் இருப்பவன். ஓடி ஓடித் தேய்ந்த மிஷின்களைவிட, ஓடுவதற்கு முன்பே கெட்டுப்போனவற்றைத்தான் இந்த ஊரில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அறை தயாராவதற்கு முன்பே மிஷின் ஏன் வருகிறது? பணம்தான் காரணம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் சரக்கு சைட்டில் இறங்கியதும் பெரிய தொகைக்கு சப்ளை பில் போடலாம். அதனால் சுவரே எழும்பாத மாடிக்கு மே மாதத்தில் ஏ.எச்.யு. வந்துவிடும், மாட்டுவதோ தீபாவளிக்கு அப்புறம். நடுவில் பெங்களூரின் செப்டம்பர், அக்டோபர் மழை முழுவதையும் அது பார்த்தாக வேண்டும். பில் போட்டவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஆறு மாதம் மிஷினை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரி எழுதிய ஒப்பந்தத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மாரத்தஹள்ளி பக்கம் ஒரு சைட். பெட்டிகளைச் சுற்றி கம்பெனியிலிருந்து வந்த பாலிதீன் அப்படியே இருந்தது. ஸ்டோர் கீப்பருக்கு அதில் பெருமை. "பிரிக்கவே இல்லை சார், புத்தம் புதுசு" என்றார். பிரித்தோம். உள்ளே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு முழுக்க சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் பொடி. அதைத்தான் வெள்ளைத் துரு என்கிறோம். பகலில் பாலிதீனுக்குள் சூடாகும் ஈரக்காற்று, ராத்திரி குளிர்ந்ததும் தகட்டின் மேல் வியர்க்கும். வெளியேற வழியில்லாமல் அந்த ஈரம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். லாரிப் பயணத்துக்குப் போட்ட உறை அது, குடியிருப்பதற்கு அல்ல. சைட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து காற்றாட விட வேண்டும். கூரையுள்ள இடம் இல்லையென்றால் தார்ப்பாய் போடலாம், ஆனால் இடைவெளி விட்டு, பந்தல் போல. போர்த்திவிடக் கூடாது. கீழே சமமான தரையில் 100 மி.மீ. உயரத்துக்காவது மரச்சட்டம் வேண்டும். பேஸ்மெண்டைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஏரியாகவே ஆனதைப் பார்த்த பிறகும் அங்கே மோட்டாரை வைப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அடுத்தது காயில். அதில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடான ஃபின், கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பூச்சு வேலை நடக்கும் மாடியில் திறந்து வைத்தால் சிமெண்ட் தூசி இடுக்கெல்லாம் புகுந்துவிடும். சிமெண்டுக்குக் காரம் அதிகம். ஈரம் சேர்ந்தால் அது அலுமினியத்தை அரிக்க ஆரம்பிக்கும். ஒரு சைட்டில் இந்தத் தூசியைப் போக்க ஒரு பையன் கார் கழுவும் பம்பை எடுத்து அடித்துவிட்டான். நல்ல எண்ணம்தான். ஃபின் எல்லாம் மழையில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி படுத்துவிட்டது. அதை நிமிர்த்த சீப்பு ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு காயிலைச் சீவி முடிக்க இரண்டு பேருக்கு நாலு நாள் ஆனது. ஆறு அடி பிளைவுட் பலகையால் மூடியிருந்தால் போதும். காயிலின் பைப் வாய்களில் வந்த மூடியையும் கழற்றக் கூடாது. ஹெடர் எனும் பக்கவாட்டுப் பெரிய பைப்பைப் பிடித்துக் காயிலைத் தூக்குவது குழந்தையைக் காதைப் பிடித்துத் தூக்குவது போல. பற்றவைத்த இடம் விரிசல் விட்டால் தண்ணீர் நிரப்பும் நாளில்தான் தெரியும்.

பேரிங் விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தர்மபுரியிலிருந்து வந்த ஒரு பழைய ஃபிட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதத்துக்கு ஒரு நாள் அவர் சாக்பீஸோடு ஸ்டோருக்குப் போவார். ஃபேன் புல்லியில் ஒரு கோடு போடுவார், கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுவார், கோடு முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி கால் சுற்று தள்ளி நிறுத்துவார்.

"எதுக்குண்ணே இது?" என்றேன்.

"ஒரே பக்கமா படுத்துக் கிடந்தா நமக்கே முதுகுல புண்ணு வரும் தம்பி. இது இரும்பு, கத்தாது, அவ்வளவுதான்" என்றார்.

நூற்றுக்கு நூறு சரி. பக்கத்தில் பைலிங் அடிக்கும் அதிர்வு, டீசல் ஜெனரேட்டர் அதிர்வு எல்லாம் தரை வழியாக வரும். நிற்கும் ஃபேனில் பேரிங் பந்துகள் ஒரே இடத்தில் நுணுக்கமாக உரசும். அங்கிருந்து கிரீஸ் விலகும். வளையத்தில் பந்துக்கு ஒன்றாகக் குழி விழும். ஓட்டும் முதல் நாளே கரகரவென்று சத்தம் வரும், கம்பெனிக்காரர் வந்து "பராமரிப்புக் குறை" என்று எழுதிவிட்டுப் போவார். வாரண்டி அதோடு சரி. பெல்ட்டையும் தளர்த்தியோ கழற்றியோ வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இழுவிசை முழுவதும் நிற்கும் பேரிங் மேல்தான்.

மோட்டாரின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெகர் மீட்டரால் சோதியுங்கள். 415 வோல்ட் மோட்டாரில் 5 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உலர்த்தாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். ஃபில்டரும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யும் உலர்ந்த, பூட்டிய அறையில் இருக்கட்டும். எலி கூடு கட்டாமல் காற்று போகும் டக்ட் வாய்களை மூடுங்கள்.

இனி அறை. சிவில் ஆட்களோடு எனக்கு நடக்கும் சண்டையில் பாதி பெட், அதாவது மிஷின் உட்காரும் கான்கிரீட் மேடை, அதன் உயரத்தைப் பற்றித்தான். "சும்மா ரெண்டு இன்ச் போதாதா சார்?" என்பார் மேஸ்திரி. போதாது. ஃபேன் காற்றை இழுப்பதால் காயிலில் வியர்க்கும் தண்ணீர் சொட்டும் கீழ்த்தட்டில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. டிரெயின் பைப் வழியாகத் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே வரப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் யு-டிராப், தண்ணீர் தேங்கி நிற்கும் யு வடிவ பைப். தட்டில் உள்ள இழுவை 75 மி.மீ. தண்ணீர் அளவு என்றால், தட்டின் வாய்க்கும் டிராப் வெளிவாய்க்கும் இறக்கம் 100 மி.மீ. வேண்டும், அதற்குக் கீழே இன்னும் 50 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும், அப்புறம் பைப்பின் விட்டம். கிட்டத்தட்ட 200 மி.மீ. வந்துவிடுகிறது. பெட்டியின் அடிச்சட்டம் கொடுக்கும் உயரம் போக மீதியை பெட்தான் கொடுக்க வேண்டும். இரண்டு இன்ச் பெட்டில் டிராப்பே வைக்க முடியாது. வைக்காவிட்டால் தட்டு நிரம்பி, கீழ் மாடி ஃபால்ஸ் சீலிங்கில் தேயிலைக் கறை மாதிரி வட்டம் வட்டமாக விழும். அப்போது எல்லோரும் ஏ.சி. காரனைத்தான் கூப்பிடுவார்கள்.

பெட் மட்டம் பார்த்து, தரை வாட்டத்தையும் ஃபுளோர் டிரெயினையும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். காயிலை என்றாவது வெளியே இழுக்க வேண்டிவரும், அதன் நீளத்துக்கு ஒரு பக்கம் காலியிடம் வேண்டும். பல அறைகளில் அந்த இடத்தில் எலக்ட்ரிகல் பேனல் வந்து உட்கார்ந்திருக்கும். கதவுச் சட்டம் மாட்டும் முன்பே பெட்டியின் பெரிய பாகம் நுழையுமா என்று டேப் பிடித்துப் பாருங்கள். கட்டிய சுவரை உடைத்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

மாட்டிய பிறகும் ஒரு ஆபத்து. பெயிண்ட் வாசனை போகட்டும், தச்சர்களுக்குப் புழுக்கம் என்று ஃபில்டர் இல்லாமல் ஏ.எச்.யு.வை ஓட்டச் சொல்வார்கள். மரத்தூள் ஈரக் காயிலில் ஒட்டினால் பசைதான். பெடஸ்டல் ஃபேன் வாங்கிக் கொடுங்கள், மலிவு.

போன மாதம் சர்ஜாபூர் ரோடு சைட்டுக்கு ஆறு ஏ.எச்.யு. ஏற்றலாமா என்று போன் வந்தது. "அறை ரெடி சார், கதவு மட்டும்தான் பாக்கி" என்றார் சைட் இன்ஜினியர். ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெட் இருந்தது, வெள்ளையும் அடித்திருந்தார்கள். மூலையில் டைல்ஸ் கட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தூசியில் அதைப் பிடித்திருந்தவர் முகமே தெரியவில்லை. பத்து நாள் கழித்து ஏற்றச் சொல்லிவிட்டேன். அவர் பில்லைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.