துபாயில் ஒரு மாதத்துக்கு வீடு தேடுகிறீர்களா? அடுத்தவர் ஈஜாரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை விட்டால் போதும், எனக்கு இந்த போன்கள் வர ஆரம்பித்துவிடும். குடும்பத்தை விசிட் விசாவில் கூட்டிவந்தாயிற்று, கராமாவில் ஒரு மாதத்துக்கு ஸ்டூடியோ பேசி முழு வாடகையும் அனுப்பியாயிற்று, இப்போது பெட்டி படுக்கையோடு லாபியில் நிற்கிறோம், வாட்ச்மேன் அந்த ஃப்ளாட்டில் வேறு ஆள் இருக்கிறார்கள் என்கிறார், என்ன செய்யலாம்? போன வாரம் வந்ததும் இதே கதைதான். மனைவி, இரண்டு பிள்ளைகள், வெளியே 40 டிகிரி வெயில்.

"ஈஜாரி அனுப்பினாரே அண்ணே, அதைப் பார்த்துதானே பணம் போட்டேன்" என்றார் அந்தத் தம்பி. ஈஜாரி என்பது துபாயில் வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிந்ததற்கான சான்றிதழ். அதை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். லேண்ட் டிபார்ட்மென்ட் முத்திரை, கட்டட எண், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. வாடகைதாரர் என்ற இடத்தில் இருந்த பெயருக்கும் பணம் வாங்கியவர் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் முடியும் தேதி பிப்ரவரியிலேயே தாண்டிவிட்டது. தம்பி முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்க்கவில்லை.

நான் ரேராவில், அதாவது துபாயின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பில், பதிவு பெற்ற தரகர். தினமும் ஈஜாரியைக் கையில் வைத்து வேலை செய்கிறவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் தன் பெயரில் உள்ள ஈஜாரியைக் காட்டினால், அவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்த வீட்டை உங்களுக்கு வாடகைக்கு விடும் உரிமை அதில் கிடையாது. 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டம், 24ஆம் பிரிவு: உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக் கூடாது. அடுத்த பிரிவு இன்னும் கடுமை. அப்படி விட்டால் வாடகைதாரரோடு சேர்த்து உள்வாடகைக்கு வந்தவரையும் வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவர் நஷ்டத்தை அந்த வாடகைதாரரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஆள் அதற்குள் சிம் கார்டை மாற்றிவிட்டு அபுதாபியிலோ ஊரிலோ இருப்பார். ஆகவே ஈஜாரி போலியா அசலா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். அசலாக இருந்தாலும், உங்கள் பெயர் இல்லாத ஈஜாரி உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வாடகைத் தகராறு மையத்துக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பதும் பதிவான ஒப்பந்தத்தைத்தான்.

"நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். பார்த்தது நல்லதுதான், ஆனால் அது போதாது. ஏமாற்றுகிறவரே நாள் வாடகைக்கு விடும் ஒரு விடுமுறை வீட்டை (ஹாலிடே ஹோம்) நாலு நாளைக்கு எடுப்பார். சாவி கையில் இருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்கூட இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக்காட்டி ஆளுக்கு ஓர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தமிழில் பேசினார், தஞ்சாவூர் பக்கமாம், நமக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராம் என்பதையெல்லாம் ஆதாரமாகச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நம்மாட்களைக் குறிவைக்கிறவர் நம் பாஷையில்தான் பேசுவார்.

குறுகிய காலத்துக்குச் சட்டப்படி தங்க முறையான வழி இருக்கிறது. ஹோட்டல் அபார்ட்மென்ட் ஒன்று. இன்னொன்று, விடுமுறை வீடு என்று அனுமதி பெற்ற ஃப்ளாட். 2013இல் வந்த 41ஆம் எண் ஆணையின் கீழ் இவை நடக்கின்றன, துபாய் பொருளாதார சுற்றுலாத் துறை ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் தனி அனுமதி எண் தருகிறது. அந்த எண்ணைக் கேளுங்கள். "கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கு" என்று சமாளித்தால், இந்த ஃப்ளாட்டுக்கு இருக்கிறதா என்று திரும்பக் கேளுங்கள். இன்னொரு சோதனை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: முறையாக நடத்துகிறவர் உங்கள் குடும்பத்தில் தங்கப்போகும் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார், விருந்தினர் விவரத்தைத் துறையில் பதிய வேண்டிய கடமை அவருக்கு உண்டு. படுக்கையறை ஒன்றுக்கு இரவுக்கு 10 அல்லது 15 திர்ஹம் சுற்றுலாக் கட்டணமும் பில்லில் வரும். பாஸ்போர்ட்டே கேட்காமல் "பணத்தை மட்டும் போடுங்க, வந்து பாத்துக்கலாம்" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை, பெட் ஸ்பேஸ் (பலர் பகிரும் வீட்டில் ஒரு படுக்கை இடம் மட்டும்) போகிறேன் என்கிறவர்களுக்கு. வேலை தேடி வருகிற பையன்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், தெய்ராவிலும் சத்வாவிலும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் பார்ட்டிஷன் அறையை, அதாவது ஒரே அறையைப் பலகை வைத்துத் தடுத்த இடத்தை, எடுக்குமுன் மேலே நிமிர்ந்து பாருங்கள். ஜிப்சம் பலகை சீலிங்குக்கு ஓரடி முன்னாலேயே நின்றிருக்கும். ஒரே ஏசி கிரில் நாலு தடுப்புக்கும் காற்று தர வேண்டுமே, அதற்காக. தீப்பிடித்தால் புகையும் அந்த இடைவெளி வழியாகத்தான் நாலு தடுப்புக்கும் போகும். ஜன்னல் யாரோ ஒருவர் பக்கம், கதவுக்குப் போகும் வழியில் செருப்பு ஸ்டாண்டும் துணிக்கொடியும். 2023 ஏப்ரலில் தெய்ரா அல் ராஸில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து 16 பேர் இறந்தார்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று தீயணைப்புத் துறை அப்போதே சொன்னது. அனுமதியில்லாத பார்ட்டிஷன்களை 2025 ஜூனில் அல் ரிக்கா, முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, ரஃபா பகுதிகளில் மாநகராட்சி இறங்கி அகற்ற நடவடிக்கை எடுத்தது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பெட்டியோடு தெருவில் நின்றார்கள். பகிர்ந்துதான் தங்க வேண்டுமென்றால், உரிமையாளர் சம்மதத்தோடு, லேண்ட் டிபார்ட்மென்ட்டின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் உங்களையும் உடன் தங்குபவராகப் பதிந்து தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

தரகர் என்று யாராவது வந்தால் அதே ஆப்பில் அவருடைய தரகர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், என்னுடையதையும் பாருங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். விளம்பரத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். கரன்ட், தண்ணீர், சில்லர் (ஏசி குளிரூட்டும் கட்டணம்) எல்லாம் வாடகையில் அடக்கமா, அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள், கோடையில் ஏசியை நிறுத்தவே முடியாத ஊர் இது. தனிநபர் கணக்குக்கோ மணி எக்ஸ்சேஞ்ச் வழியாக யாரோ பெயருக்கோ ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள்.

எதுவும் உறுதியாகவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று ராத்திரிக்கு மெட்ரோ பக்கத்தில் சாதாரண ஹோட்டலாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், வந்து தேடலாம். அதில் போகும் பணத்தை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? சாட்டையும் ரசீதையும் அழிக்காமல், அன்றைக்கே போலீஸின் இ-க்ரைம் தளத்தில் புகார் போடுங்கள், 901க்கும் பேசுங்கள். விசா காலாவதி ஆகிவிடுமோ, நம்மேல் கேஸ் வருமோ என்று பயந்து ஊருக்குக் கிளம்புகிற நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள், அதற்குள் அந்த ஆளின் நம்பர் உயிரோடு இருப்பதில்லை.