கேப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி

காரைக்குடியில் என்னிடம் பல்லுக்குக் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, எத்தனை வருடம் உழைக்கும் என்று. பல்லில் எவ்வளவு சீவுவீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். கேப் உடைந்தால் வேறு செய்துகொள்ளலாம். பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலைச் சீவினால் திரும்ப வளராது. ஆழம் கூடக் கூடக் கூச்சம் வரும். சில பற்களுக்கு வேர் சிகிச்சையே தேவைப்படும்.

உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை சீவியாக வேண்டும். சிமென்ட் பிடித்து நிற்பதற்காக நல்ல பக்கச் சுவர்களையும் செதுக்குவோம். லித்தியம் டைசிலிகேட் பீங்கானை எனாமலோடு ரெசின் என்ற பசை கொண்டு ஒட்டினால் சுமார் 1 மி.மீ. போதும். எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் ரெசின் இறுகப் பிடிக்கும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் புவோனோகோர் 1955-லேயே காட்டிவிட்டார். பிடிமானம் எனாமலில்தான் அதிகம். அதைச் சீவித் தள்ளிவிட்டு உயர்ந்த பசையைத் தேடுவதில் என்ன பயன்?

சீடையைக் கடித்துக் கடைவாய்ப் பல்லின் ஒரு முனையை உடைத்துக்கொண்ட ஆச்சி ஒருவர் வந்தார். முழுக் கேப் தேவைப்படவில்லை. உடைந்த பக்கத்தை மட்டும் மூடும் ஆன்லே போதுமாக இருந்தது. உடைந்த இடத்தை மெழுகால் நிரப்பி, பிசைந்த மாவு போன்ற புட்டி என்ற பொருளில் அச்செடுத்து, அதைக் குறுக்கே வெட்டி வைத்துக்கொண்டேன். மெழுகை எடுத்துவிட்டு, கொஞ்சம் சீவியதும் அச்சைப் பல்லின்மேல் வைத்தால், இடையில் தெரியும் சந்துதான் பீங்கானுக்குக் கிடைக்கும் இடம். "சீவுவதைவிட அளப்பதுதான் அதிகமாக இருக்கிறதே, தம்பி" என்றார் ஆச்சி. உண்மைதான். வெற்றிலை பாக்கு மென்று தேய்ந்த பற்களில் தேய்ந்த அளவே இடமாகிவிடும். சில நேரம் சீவவே வேண்டியதில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, எச்சில் படாமல் ஒட்ட முடியாத பல்லுக்கு முழுக் கேப்தான். இரவில் பல்லைக் கடிப்பவருக்கு மெல்லிய பீங்கானை வைத்தால் விரிசல் விடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். சிங்கப்பூரிலிருந்து திருமணத்துக்கு வருகிறவர்கள், முகூர்த்தத்துக்குள் முன்பற்களை வரிசையாக்கித் தரச் சொல்கிறார்கள். கோணலாக இருக்கும் நல்ல பற்களைச் சீவி, ஆறு கேப் மாட்டிவிடுவது எளிது. நான் செய்வதில்லை. கிளிப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும், கல்யாணப் படத்தில் கம்பி தெரியும் என்கிறார்கள். தெரியட்டுமே.