ஹெலிகாப்டரின் வாயை அடைக்க முடியுமா?

1983-இல் வெளிவந்த 'ப்ளூ தண்டர்' படத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் விமானி ஃப்ராங்க் மர்ஃபி, புதிதாக வந்த ஒரு ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்ப்பார். அதில் ஒரு விசேஷ வசதி: 'விஸ்பர் மோட்'. பொத்தானை அழுத்தினால் போதும், அத்தனை இரைச்சலும் சட்டென்று அடங்கிவிடும். அப்புறம் உயரமான கட்டடத்தின் ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்றபடி, உள்ளே நடக்கும் சதிப் பேச்சை ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு எதுவுமே தெரியாது.

ஜான் பேடம் இயக்கிய இந்தப் படம், தான் காட்டும் கருவிகள் எல்லாம் நிஜமானவை, அமெரிக்காவில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை என்ற அறிவிப்போடுதான் தொடங்கும். அதில் பாதிக்கு மேல் உண்மையும் கூட. விமானி தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் பீரங்கியும் திரும்பும் அல்லவா? அமெரிக்க ராணுவத்தின் அப்பாச்சி ஹெலிகாப்டரில் அது அப்படியே இருக்கிறது. ஹெல்மெட் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை விமானி அறையில் உள்ள உணரிகள் கண்காணிக்கும். மூக்குக்கு அடியில் உள்ள 30 மில்லிமீட்டர் பீரங்கி அதே திசைக்குத் திரும்பும். வெப்பக் கேமராவும் நிஜம்தான். ஆனால் அது சுவரை ஊடுருவிப் பார்க்காது. சுவரின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதை மட்டுமே காட்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட நம் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துவிடும். அதனால்தான் இந்தக் கேமராக்களின் லென்ஸைக் கண்ணாடியில் செய்யாமல் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த மௌனப் பொத்தான்தான். அது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று புரிய, ஹெலிகாப்டரின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜினிலிருந்து என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். அதற்கும் பங்குண்டு. ஆனால் தூரத்திலிருந்தே நம்மை நிமிர்ந்து பார்க்க வைக்கும் அந்தத் 'தட தட' ஓசை, மேலே சுழலும் பெரிய விசிறியின், அதாவது ரோட்டாரின், இறக்கைகளிலிருந்து வருவது.

படத்தில் பறந்தது, மேலே தகடுகளைப் பொருத்தி உருமாற்றிய பிரெஞ்சு கஸெல் ஹெலிகாப்டர். அதன் ரோட்டாருக்கு மூன்று இறக்கைகள், 10.5 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 378 சுற்று. கணக்குப் போட்டால் இறக்கை நுனி மணிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஹெலிகாப்டர் மணிக்கு 200 கிலோமீட்டரில் முன்னே போனால், முன்னோக்கி வீசும் பக்கத்து நுனிக்கு அந்த வேகமும் சேர்ந்து 950 ஆகிவிடும். ஒலியின் வேகமே 1,225 கிலோமீட்டர்தான். நுனி அதை நெருங்க நெருங்க, காற்றின் அழுத்தம் திடீர் திடீரென மாறிச் சத்தம் தாறுமாறாக ஏறும்.

வேகம் ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வொரு இறக்கையும் நம் தலைக்கு மேல் கடக்கும்போது காற்றைக் கீழே ஓர் உந்து உந்துகிறது. கஸெலில் வினாடிக்குச் சுமார் 19 உந்தல்கள். வியட்நாம் போரில் பறந்த ஹியூயி ஹெலிகாப்டருக்கு இரண்டே இறக்கைகள், 324 சுற்று. ஆகவே வினாடிக்குச் சுமார் 11 உந்தல்கள். மனிதக் காது 20-க்குக் கீழே உள்ள அதிர்வுகளை ஒரு சுரமாகக் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு உந்தலும் கூர்மையான அடி என்பதால், அதன் மடங்குகளான 22, 33, 44 என்று மேல் அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. நமக்குக் கேட்கும் தடதடப்பு அதுதான். தாழ்ந்த ஒலியைக் காற்று அதிகம் உறிஞ்சுவதில்லை. எனவே வெகுதூரம் வந்து சேரும்.

இன்னொரு வம்பும் உண்டு. இறக்கையின் நுனியில் கீழ்ப்பக்கத்து அழுத்தக் காற்று மேலே சுருண்டு, ஒரு சின்னச் சுழலாக வால் பிடித்துக்கொண்டு வரும். ஹெலிகாப்டர் இறங்கும்போது அந்தச் சுழல்கள் விலகிப் போகாமல் ரோட்டாரின் தளத்திலேயே தங்கிவிடும். பின்னால் வரும் இறக்கை அதன்மேல் மோதும். ஒவ்வொரு மோதலும் ஓர் அறை. தரையிறங்க வரும் ஹெலிகாப்டர், நேராகப் பறந்து போகிற ஹெலிகாப்டரைவிட எரிச்சலூட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சரி, சுற்றும் வேகத்தைக் குறைத்துவிட்டால்? சீலிங் ஃபேனை 5-இலிருந்து 3-க்கு வைத்தால் சத்தம் எவ்வளவு அடங்குகிறது என்று பாருங்கள், ரோட்டாரிலும் அப்படித்தான். இந்த வகை இரைச்சலின் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் ஒலியாற்றல் கால் பங்காகச் சுருங்கும், அதாவது 6 டெசிபல் குறையும். ஆனால் ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்தும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. அதே 20 சதவீதம் குறைத்தால் தூக்குவிசை 64 சதவீதமாக விழும். எடை மட்டும் அப்படியே இருக்கும். விடுபட்ட மூன்றில் ஒரு பங்கை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும்: இறக்கையின் சாய்வைக் கூட்டலாம், இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது சுமையைக் குறைக்கலாம். சாய்வைக் கூட்ட ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டு விலகி, தூக்குவிசையே போய்விடும்.

படத்து ஹெலிகாப்டர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. கவசத் தகடு, ஆறு குழல் பீரங்கி, குண்டுகள், கேமராக்கள் என்று இவ்வளவையும் சுமந்துகொண்டு மெதுவாகச் சுற்றும் ரோட்டாரில் அந்தரத்தில் அசையாமல் நிற்க முடியாது. அந்தரத்தில் நிற்பதற்கு, மிதமான வேகத்தில் முன்னே பறப்பதைவிட அதிக சக்தி வேண்டும்.

அதற்காக அந்த யோசனை வெறும் சினிமாக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. படம் வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒன்று பறந்திருக்கிறது. 1972 டிசம்பரில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., லாவோஸிலிருந்து இரவில் ஒரு ஹெலிகாப்டரை வட வியட்நாமின் வின் நகரப் பக்கம் அனுப்பித் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்புக் கருவியைப் பொருத்தியது. ஹியூஸ் 500 என்ற சிறிய, லேசான ஹெலிகாப்டரை அதற்காக மாற்றியமைத்தார்கள். நான்கு இறக்கைகள் ஐந்தாயின. நுனிகளின் வடிவம் மாறியது. இன்ஜின் புகைபோக்கிக்கு ஒலியடக்கி வந்தது. உடல் முழுக்க ஒலியை உறிஞ்சும் பட்டைகள் ஒட்டப்பட்டன. ரோட்டாரை வழக்கத்தைவிட மெதுவாகச் சுழற்றிப் பறக்கவும் வழி செய்தார்கள். சத்தமில்லாத பறவை என்று சொல்ல முடியாது. ஆனால் சத்தத்தின் குணம் மாறிவிட்டது. தடதடப்பு தேய்ந்து, இது ஹெலிகாப்டர்தானா என்று சட்டென அடையாளம் தெரியாத அளவுக்கு வந்தது. காவலாளியை ஏமாற்ற அது போதும்.

அதில் வால் ரோட்டாரையும் விட்டுவைக்கவில்லை. வேகமாகச் சுற்றும் அந்தச் சிறிய விசிறியின் கீச்சொலி, நம் காது நன்றாகக் கேட்கும் அலைவரிசையில் விழுவது. இரண்டு இறக்கைகளுக்குப் பதில் நான்கை, சம இடைவெளி இல்லாமல் கத்தரிக்கோல் போல வைத்தார்கள். இடைவெளி சீராக இல்லாவிட்டால் சத்தம் ஒரே சுரத்தில் குவியாமல் பல சுரங்களில் சிதறிவிடும். அப்பாச்சியின் வாலிலும் இதே ஏற்பாடுதான். கஸெலோ வேறு வழியில் போனது: வாலுக்குள்ளேயே ஒரு வளையத்தை வைத்து அதில் 13 இறக்கைகள் கொண்ட விசிறியைப் பொருத்தினார்கள். ஃபெனெஸ்ட்ரான் எனப்படும் அந்த அமைப்பு முதலில் வந்ததே கஸெலில்தான். ஆனால் அந்த 13 இறக்கைகளும் சம இடைவெளியில் இருந்ததால் விசில் சத்தம் கேட்கும். பிரிட்டிஷ் படையினர் அதற்கு 'விசிலடிக்கும் கோழிக்கால்' என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். மௌனத்துக்குப் பேர்போன சினிமா ஹெலிகாப்டரின் உடம்பு நிஜத்தில் அப்படிப்பட்டது.

இன்றைய நிலைமை? ஏர்பஸ் நிறுவனத்தின் எச்160-இல் இறக்கைகளின் நுனி நேராக இல்லாமல் முன்னும் பின்னும் வளைந்திருக்கும். சுழல் முழு இறக்கையிலும் ஒரே நேரத்தில் அறையாமல் சிறிது சிறிதாக மோத வேண்டும் என்பது திட்டம். கிடைத்த லாபம் சுமார் 3 டெசிபல். ஒலியாற்றல் பாதியாகிறது, காதுக்கோ கொஞ்சம் குறைந்ததாகத்தான் படும். பல ஆண்டு உழைப்புக்குக் கிடைப்பது அவ்வளவுதான் என்பது இந்தப் பிரச்சினையின் கடினத்தைச் சொல்லும். 2011 மே 2-ஆம் தேதி பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லேடனைத் தேடிப் போன அமெரிக்கப் படை பயன்படுத்திய ஹெலிகாப்டர்களில் ஒன்று விழுந்து, வால் மட்டும் மிஞ்சியது. அதில் வழக்கத்தைவிடக் கூடுதல் இறக்கைகளும், நடுவில் ஒரு மூடியும் இருப்பதைப் படங்களில் உலகமே பார்த்தது. அப்படிப்பட்ட ஹெலிகாப்டர் வந்த இரவிலேயே, அந்த ஊர்க்காரர் ஒருவர் நள்ளிரவு ஒரு மணிக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது என்று ட்விட்டரில் எழுதிவிட்டார்.

படத்தைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது பீரங்கியைவிட அந்த மௌனம்தான். மேலே யாரோ இருக்கிறார்கள் என்று கீழே இருப்பவருக்குச் சொல்வது அந்தச் சத்தம் மட்டுமே. ரோட்டாரை அடக்கும் முயற்சி டெசிபல் டெசிபலாக நகர்ந்துகொண்டிருக்க, கண்காணிப்பு வேறு பாதையில் மௌனமானது. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். கேமராவின் கூர்மை போதுமானதாக இருந்தால் உயரத்துக்குப் போய்விடலாம். 2016-இல் பால்டிமோர் நகரப் போலீசுக்காகச் சிறிய செஸ்னா விமானங்கள் பல ஆயிரம் அடி உயரத்தில் வட்டமடித்து, நகரின் பெரும்பகுதியைத் தொடர்ந்து படம்பிடித்தன. மாதக்கணக்கில் நகரவாசிகளுக்கு அது தெரியவே தெரியாது. 2020-இல் இந்த முறை வெளிப்படையாக மீண்டும் வந்தபோது குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.